அளவீட்டை நம்புவது யார்? 1991 வளைகுடாப் போரில் ஒரு வேதியியல் பாதுகாப்புப் பிரிவு

1991 ஜனவரி 19. வளைகுடாப் போரில் வான்தாக்குதல் தொடங்கி இரண்டு நாட்களே ஆகியிருந்தன. சவூதி அரேபியாவின் வடக்கே, ஹஃபர் அல்-பாத்தின் அருகில், சவூதிப் படையணிகளுடன் நின்றிருந்த செக்கோஸ்லோவாகிய வேதியியல் பாதுகாப்புப் பிரிவின் கருவிகள், காற்றில் மிகக் குறைந்த செறிவில் நரம்பு நச்சு இருப்பதாகக் காட்டின. ஐந்து நாட்களுக்குப் பின், மன்னர் காலித் இராணுவ நகருக்கு அருகே கடுகு வாயுவின் தடயத்தையும் அப்பிரிவு பதிவுசெய்தது.

ஏறத்தாழ இருநூறு பேர் கொண்ட சிறு பிரிவு அது. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதிலிருந்து, நஞ்சைக் கண்டறிதல், எச்சரித்தல், நஞ்சு நீக்கித் தூய்மைப்படுத்துதல் ஆகியவை தனித்த படைத்தொழிலாக வளர்ந்தன. மத்திய ஐரோப்பாவே அடுத்த போர்க்களம் என எதிர்பார்த்த வார்சா ஒப்பந்த நாடுகள் இத்தொழிலில் மிகுந்த பயிற்சி பெற்றிருந்தன.

அப்பிரிவின் கண்டறிதல் முறை நொதியைச் சார்ந்தது. நரம்புகள் இயங்கத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைத்தான் சாரின் முடக்குகிறது. அதே நொதியைக் கருவியில் வைத்துக் காற்றைச் செலுத்தினால், தூய காற்றில் வேதிவினை நிகழ்ந்து நிறம் மாறும். நஞ்சு கலந்திருந்தால் மாறாது. அமெரிக்கப் படையின் எச்சரிக்கைக் கருவிகளைவிட இம்முறை நுண்ணுணர்வு மிக்கது.

ஆயினும் அந்த அளவீடு ஏற்கப்படவில்லை. நச்சின் மூலம் தெரியவில்லை, எவரும் களத்தில் மயங்கி விழவில்லை என்பனவே மறுப்புக்கான காரணங்கள். 1993இல் செக் அரசு இத்தகவலை வெளிப்படையாக உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் பென்டகன், அளவீடு நம்பத்தக்கதே என ஒப்புக்கொண்டது. ஆனால் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நோய்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. 1996 ஜூனில் இன்னொரு செய்தி வெளிவந்தது: 1991 மார்ச்சில் ஈராக்கின் கமிசியா கிடங்கை அமெரிக்கப் படை தகர்த்தபோது, அங்கே சாரின் நிரப்பிய ஏவுகணைகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்க வீரர்கள் குறைந்த அளவு நச்சுக்கு ஆட்பட்டிருக்கலாம் என 1997இல் மதிப்பிடப்பட்டது. சாரினை முறிக்கும் நொதியை ஆக்கும் மரபணுவின் வேறுபாட்டுக்கும் வளைகுடாப் போர் நோய்க்கும் உள்ள தொடர்பை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜனவரி அளவீட்டுக்கு மூலம் எது என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

இங்கே பிழைத்தது கருவியன்று. கருவியிடம் கேட்கப்பட்ட கேள்வியே. ‘வீரன் இப்போது போரிட முடியுமா?’ என்பதே படைத்தலைமையின் கேள்வி. ‘பத்தாண்டுகளுக்குப் பின் அவன் உடல் என்னவாகும்?’ என்பதை அது கேட்கவில்லை. உடனடி மரணத்தை எல்லைக்கோடாக வைத்த அறிவுமுறையில், அதற்குக் கீழான அளவுகள் அனைத்தும் ‘இன்மை’ எனவே எழுதப்பட்டன. நோயுற்ற வீரர்கள் தம் நோயை மெய்ப்பிக்கவே ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது இதனால்தான்.

வேதியியல் பாதுகாப்புப் பிரிவின் முதன்மைப் பணி சாட்சியம் அளிப்பது. அச்சாட்சியத்தை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரத்தின் கையில் உள்ளன. ஆவணக் காப்பகத்தில் ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்ற குறிப்பைக் காணும் ஆய்வு மாணவர், எந்த அளவுகோலால், யாருடைய தேவைக்காக என்று கேட்க வேண்டும். கமிசியாவுக்கான அந்த ஒரு லட்சம் என்ற மதிப்பீட்டில் அமெரிக்க வீரர்கள் மட்டுமே உள்ளனர். அம்மண்ணில் வாழ்ந்த ஈராக்கியர் எவரும் அதில் இல்லை என்பதையும் மறக்கலாகாது.