கருவுறுமுன் தொடங்கும் காப்பு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் தாய்மை நலமும்

முன்னுரை

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழரிடையே வழங்கும் முதுமொழி. பேற்றில் பொதிந்துள்ள உயிரச்சத்தை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்றாகும். மலேசியத் தமிழர் வரலாற்றில் கங்காணி முறை, கூலி, தொழிற்சங்கம் ஆகியன பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. தோட்டத்துப் பெண் இவ்வச்சத்தை எவ்வாறு கடந்தாள் என்னும் வினாவோ பெரும்பாலும் ஓரமாகவே நின்றுவிட்டது. இக்கட்டுரை பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்னிறுத்தி, மகப்பேற்றுச் சட்டங்களையும் மருத்துவ அறிவின் வளர்ச்சியையும் ஒருங்கே வைத்து நோக்குகின்றது. சட்டம் பேற்றையொட்டிய நாள்களையே எண்ணியது; இடரோ கருவுறுமுன்பே தொடங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலையும் பெண்ணுழைப்பும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடழித்துக் கன்று நட்டுக் கொழுந்தெடுத்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் முதன்மையானவர்.

கொழுந்து பறித்தல் பெரிதும் பெண்களின் பணியாக விளங்கியது. செங்குத்தான சரிவில் கூடையைச் சுமந்து, குளிரிலும் மழையிலும் நின்று செய்யும் வேலை அது. தமிழ்நாட்டில் தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஓய்வும் ஊட்டமும் மூத்த பெண்களின் துணையும் ஒருசேரக் கிடைப்பதற்கு நம் சமூகம் கண்ட ஏற்பாடு அது. கடல் கடந்து வந்தவளுக்குத் தாய்வீடு எட்டாத் தொலைவாயிற்று. லயத்து அண்டைவீட்டாரும் தோட்டத்து மருத்துவச்சியும் டிரெசருமே அவளுக்குத் துணையாயினர்.

சட்டத்தின் கணக்கு

1919ஆம் ஆண்டின் அனைத்துலக மகப்பேற்றுக் காப்பு உடன்படிக்கை தொழிற்சாலை, வணிக நிலையப் பெண்களுக்கே உரியதாக இருந்தது. வேளாண் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்கு 1921இல் ஒரு பரிந்துரை மட்டுமே கிட்டியது. ஆயினும், ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்டப் பெண்களுக்கு மகப்பேற்றுப் படி வழங்குமாறு முதலாளிகளைப் பணித்தது. ஆயாக் கொட்டகையும் தோட்டப் பள்ளியும் இச்சட்டத்தின் வழியே வலுப்பெற்றன. பகாங்கும் அம்மாநிலங்களுள் ஒன்றாதலின், பின்னர் எழுந்த கேமரன் மலைத் தோட்டங்களும் இதன் எல்லைக்குள் அடங்கின.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் மகப்பேற்று விடுப்பை உறுதி செய்தது. இது பெரும்பேறே. எனினும் அதன் விதிகள் நுணுகி நோக்கத்தக்கவை. பேற்றுக்கு 30 நாள்களுக்கு முன்னர் இவ்விடுப்பு தொடங்கலாகாது. ஐந்து குழந்தைகள் உயிருடன் இருப்பின் மகப்பேற்றுப் படி இல்லை என்னும் விதியும் இச்சட்டத்தில் இடம்பெற்றது. பல பேறு கண்ட பெண்ணுக்கே பேற்றுக்குப் பிந்திய குருதிப்போக்கின் இடர் மிகுதி என்பது மருத்துவம் கூறும் உண்மை. இடர் மிகும் இடத்தில் படி நின்றுபோயிற்று என்பது எண்ணத்தக்கது.

உடலின் கணக்கு

தோட்டப்புறத் தாய்மாரை வாட்டிய இடர்களுள் இரத்தசோகை தலையாயது. வெறுங்காலுடன் நடப்போர் உடலில் கொக்கிப்புழு புகுந்து குருதியை உறிஞ்சும். அதனால் இரும்புச்சத்துக் குறையும். தாழ்நிலத் தோட்டங்களில் மலேரியாவும் இதனுடன் சேர்ந்துகொண்டது. கேமரன் மலையின் உயரமும் குளிரும் மலேரியாவைத் தணித்தன. வறிய உணவின் குறையை அவற்றால் தணிக்க இயலவில்லை.

அக்குறையின் இயல்பை விளக்கியவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி. 1928இல் மும்பைக்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை அவர் ஆராய்ந்தார். நீலகிரித் தேயிலை நாட்டின் குன்னூரிலும் அவர்தம் ஆய்வு தொடர்ந்தது. ஈஸ்ட் சாறு இந்நோயைத் தீர்க்கின்றது என்னும் முடிவை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1991இல் வெளிவந்த பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வு, கருவுறுமுன்பே இச்சத்தை உட்கொள்வதால் குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாடுகள் பெரிதும் தடுக்கப்படுவதை நிறுவியது. கரு உருவாகி ஏறத்தாழ 28 நாள்களுக்குள் அக்குழாய் மூடிக்கொள்ளும். தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறியாத காலம் அது. சட்டம் பேற்றுக்கு முந்திய 30 நாள்களை எண்ணுகின்றது. உடல் கருவுற்றபின் வரும் 28 நாள்களை எண்ணுகின்றது. இவ்விரு கணக்கிற்கும் இடைப்பட்ட மாதங்களில் பெண் கூடையுடன் சரிவில் நின்றாள்.

அரசின் கையும் தோட்டத்தின் வேலியும்

1950ஆம் ஆண்டில் மலாயாவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரச் சேவை, பயிற்சி பெற்ற பேறுகாலத் தாதியரை ஊர்தோறும் அனுப்பி இவ்விறப்புகளை வெகுவாகக் குறைத்தது. தோட்டமோ தனியார் நிலம்; அதன் மருத்துவப் பொறுப்பு நிருவாகத்தினுடையது எனக் கருதப்பட்டது. ஆதலின் கம்பத்துக்கு வந்த தாதி தோட்ட வேலியைத் தாண்டி வருவது எளிதாக இருக்கவில்லை.

பின்னர் அரசு மருந்தகங்களில் கருவுற்றோரை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணக் குறியிட்டு இடரின் அளவை வகுக்கும் முறை வந்தது. 1991 முதல் ஒவ்வொரு தாயிறப்பையும் கமுக்கமாக ஆராயும் முறையும் நடைமுறைக்கு வந்தது. குருதி அழுத்தம் உயர்ந்தவளைப் பேறுகால வலிப்பு தாக்குமுன் இறக்கிக் கொணர்வதற்கு இவ்வண்ணக் குறி மலைநாட்டில் இன்றியமையாதது. ஏனெனில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. குருதிப்போக்கு அத்தொலைவுக்குக் காத்திராது.

முடிவுரை

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்து, 2023 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கிடையே தேயிலைத் தோட்டங்களில் தமிழர் குறைந்து, அயல்நாட்டுத் தொழிலாளர் பெருகியுள்ளனர். அயல்நாட்டுப் பெண் தொழிலாளர்க்கான கட்டாய மருத்துவச் சோதனையில் கருப்பரிசோதனையும் அடங்கும்; கருவுற்றவள் வேலைக்குத் தகுதியற்றவளாகின்றாள். பேற்றின் இடரைக் குறைப்பதற்கு மாறாக, கருவுற்றவளையே விலக்கும் முறை இது. நம் பாட்டிமார் நின்ற சரிவில் இன்று நிற்பவள் வேறு மொழி பேசுகின்றாள். தாய்மைக் காப்பு என்பது விடுப்பு நாள்களின் எண்ணிக்கை மட்டுமன்று. கருவுறுமுன் உண்ணும் உணவிலும், காலில் அணியும் காலணியிலும், வேலி தாண்டி வரும் தாதியிடத்தும் அது தொடங்குகின்றது என்பதே இத்தோட்டங்களின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.