வேவுரைத்து விடுதலை பெற்ற ஜேம்ஸ்

யுத்த சரித்திரங்களைப் புரட்டுவோர் சேனாதிபதிகளின் பெயர்களையே பெரும்பாலும் காண்பர். அச்சேனாதிபதிகளுக்குக் கண்ணும் செவியுமாக நின்று, சத்துரு எங்கே தங்கினான், எத்திசை நோக்கிப் புறப்படுவான் என்று காலமறிந்து உரைத்தோரின் பெயர்கள் அருகியே காணப்படும். திருவள்ளுவர் ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தனர் என்பதை நம்மவர் அறிவர். அத்தகைய ஒற்றர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1775-ஆம் ஆண்டு தொடங்கிய யுத்தம், 1781-இல் வர்ஜீனியாவில் உச்சநிலையை எய்தியது. ஆங்கிலப் படையை அங்கே நடத்தியவர் காரன்வாலிஸ் பிரபு. பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-இல் திப்பு சுல்தானின் புதல்வர் இருவரைப் பிணையாகப் பெற்றவரும் இவரே. இவரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுப் பிரபு லபாயத்துக்கு அப்போது 23 வயது. படையோ சிறிது, நேர்நின்று பொருதல் அரிது. ஆதலின், சத்துருவின் போக்கை முன்னறிவதே அவருக்குப் பேராயுதமாயிற்று.

நியூ கெண்ட் என்னும் பகுதியில் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பாரிடம் ஜேம்ஸ் என்னும் கறுப்பர் ஒருவர் அடிமையாயிருந்தார். அவர் எஜமானரின் சம்மதம் பெற்று லபாயத்திடம் ஊழியம் புரியச் சென்றார். ஆங்கிலர் பாசறையுள் ஏவலாளாகப் புகுந்தார். அடிமைக்குச் செவியுண்டு என்று அங்கிருந்த பிரபுக்கள் எண்ணினாரில்லை. அவர் முன்னிலையிலேயே யோசனைகளைப் பேசினர். அதற்கும் மேலாக, அமெரிக்கரை வேவுபார்க்க அவரையே நியமித்தனர். இதனால் இரு பாசறைகளுக்கும் இடையே தடையின்றிச் சென்றுவர அவருக்கு வழி பிறந்தது. அகப்பட்டால் தூக்குமரமே என்பதை அறிந்தும் அவர் பின்வாங்கவில்லை.

1781 ஜூலை 31-இல் லபாயத் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், காரன்வாலிஸின் பணியாளன் ஒருவன் போர்ட்ஸ்மத்திலிருந்து அனுப்பிய செய்தியைக் குறிக்கின்றார். அப்பணியாளன் ஜேம்ஸே என்பர் பலர். ஆகஸ்டில் ஆங்கிலப் படை யார்க்டௌனுக்குச் சென்று அரண் கட்டிற்று. பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருவதை அறிந்த வாஷிங்டன், பிரெஞ்சுச் சேனையுடன் நியூயார்க்குப் பக்கத்திலிருந்து தெற்கே விரைந்தார். செப்டம்பர் 5-இல் கடல்வழி அடைபட்டது. அக்டோபர் 19-இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரருடன் காரன்வாலிஸின் படை சரணடைந்தது. இவ்வெற்றி ஒருவரால் விளைந்ததன்று. எனினும் சத்துரு இருக்குமிடம் தெரியாதிருந்தால் இம்முற்றுகை கைகூடியிராது.

நாடு விடுதலை பெற்றது. ஜேம்ஸோ அடிமையாகவே மீண்டார். எஜமானருக்கு மாற்றாகப் போர்வீரராய்ப் பணிபுரிந்த அடிமைகளை விடுவிக்க 1783-இல் வர்ஜீனியா சட்டம் செய்தது. ஜேம்ஸ் துப்பாக்கி ஏந்தியவரல்லர். ஆதலின் அச்சட்டம் அவருக்குப் பயன்படவில்லை. உயிரைப் பணயம் வைத்தவருக்கு இஃது என்ன நீதி!

1784 நவம்பரில் லபாயத் தம் கைப்பட நற்சான்று எழுதித் தந்தார். அதனைத் துணைக்கொண்டு ஜேம்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பம் செய்தார். முதல் முயற்சி பலிக்கவில்லை. மறுபடியும் விண்ணப்பித்தார். 1787 ஜனவரியில் சபையார் எஜமானருக்கு விலைப்பணம் கொடுத்து அவரை விடுவித்தனர். அன்றுமுதல் அவர் ஜேம்ஸ் லபாயத் எனப் பெயர் பூண்டார். பிற்காலத்தில் ஆண்டொன்றுக்கு 40 டாலர் உபகாரச் சம்பளமும் பெற்றார். 1824-இல் அமெரிக்காவுக்கு மீண்டும் வந்த முதியவர் லபாயத், ரிச்மண்டு நகரில் ஜனத்திரளிடையே அவரை அடையாளங்கண்டு ஆரத் தழுவினர்.

அன்பர்களே! ஜேம்ஸின் தொண்டு மறையாமல் நின்றதற்கு ஒரு கடிதமும் இடைவிடாத விண்ணப்பமுமே காரணம். சான்றெழுதுவார் இல்லாமையால் மறைந்துபோன ஜேம்ஸ்கள் எத்தனை பேரோ! நம் குடும்பங்களிலும் பொதுக் காரியத்துக்கு உழைத்துப் பெயர் வெளிப்படாதோர் உளர். முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்தம் செயல்களைக் கேட்டறிந்து, ஆண்டும் ஊரும் தவறாமல் எழுதி வைத்தல் நம் ஒவ்வொருவரின் கடமையாகும். உழைத்தவருக்கு உரிய சான்றை அவர் வாழ்நாளிலேயே அளிப்பது, பின்னர்ச் சிலை நாட்டுவதினும் சிறந்ததென்பது நம் துணிபு.