621 ஓட்டு

1964 ஜூன் 2. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல். இரண்டாவது தொகுதியில் ஜேமி விட்டன் பெற்றது 35,218 ஓட்டு. 1941-லிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த எம்.பி. அவர். (அங்கே 'காங்கிரஸ்மேன்' என்பார்கள். நம் காங்கிரஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எதிர்த்து நின்ற ஃபேனி லூ ஹேமருக்குக் கிடைத்தது 621. நம் ஊராக இருந்தால் 'டெபாசிட் காலி' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த தொகுதிக்குப் போயிருப்பார்கள்.

அந்த 621-ல் ஒன்று ஹேமர் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 46. வாழ்க்கையில் அவர் போட்ட முதல் ஓட்டே அதுதான்.

மிசிசிப்பியின் டெல்டா பகுதி முழுக்கப் பருத்திக் காடு. நிலம் வெள்ளைக்காரப் பண்ணையார்களுடையது, பாடுபடுகிறவர்கள் கறுப்பர்கள். குத்தகைக்கு உழுது, விளைச்சலில் பாதியைக் கொடுத்து, மீதியைப் பண்ணைக் கடையில் வாங்கிய கடனுக்குக் கழித்துவிட்டு, வெறுங்கையோடு அடுத்த விதைப்புக்குத் தயாராகும் பிழைப்பு. அப்படியொரு குடும்பத்தில் 20 பிள்ளைகளில் கடைசியாக 1917-ல் பிறந்தவர் ஹேமர். இளம்பிள்ளைவாதம் வந்து கால் விந்தி நடந்த அந்த ஆறு வயதுக் குழந்தையிடம், 'பருத்தி எடுத்தால் கடையிலிருந்து தின்பண்டம் தருகிறேன்' என்று பண்ணையார் ஆசை காட்டினார். அன்றைக்குக் காட்டில் இறங்கியவரால் ஏறவே முடியவில்லை.

கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததால், ரூல்வில் ஊருக்கு அருகில் ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. ஆளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பவுண்டு பருத்தி என்று குறிக்கும் வேலை. பண்ணையின் தராசில் எடைக்குண்டு கள்ளக்குண்டு. எடை எப்போதும் கூலியாளுக்குப் பாதகமாகவே விழும். ஹேமர் சரியான குண்டு ஒன்றைத் தன்னோடு எடுத்துப் போவார். பண்ணையார் தலை மறைந்ததும் குண்டை மாற்றிப் போட்டு நிறுப்பார், அவர் வருவது தெரிந்தால் பழையதை மாட்டிவிடுவார். அரசியல் என்ற பேச்சே காதில் விழாத காலத்தில் இவர் செய்த அரசியல் இது.

ஓட்டுப் போடும் உரிமை தன்னைப் போன்றவர்களுக்கு உண்டு என்பதே அவருக்கு 1962 ஆகஸ்டில், ஊர் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்துக்காரர்கள் நடத்திய கூட்டத்தில்தான் தெரியவந்தது. அதற்கு முந்தைய வருடம் கட்டி அகற்றவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கர்ப்பப்பையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்திருந்தார்கள். டெல்டாவில் கறுப்பினப் பெண்களுக்கு இது சகஜமாக நடந்த கொடுமை. கூட்டத்தில் 'யார் பெயரைப் பதிய வருகிறீர்கள்?' என்று கேட்டபோது அவர் கை தானாக உயர்ந்ததில் ஆச்சரியமில்லை.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் பழைய பஸ் ஒன்றில் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். விண்ணப்பத்தில் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. பதிலை எழுதினால் பண்ணையாருக்குத் தகவல் போய்விடும். போதாததற்கு, விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும் என்று அந்த வருடமே சட்டம் போட்டிருந்தார்கள். பிறகு பரீட்சை: மாநில அரசியல் சட்டத்தில் பதிவாளர் காட்டும் பிரிவைப் படித்து, எழுதி, விளக்கம் தர வேண்டும். ஆறாம் வகுப்பைத் தாண்டாத பெண்ணுக்கு, வக்கீல்களே தலையைச் சொறியும் ஒரு பிரிவைக் கொடுத்தார் பதிவாளர். ஃபெயில். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து டிரைவருக்கு அபராதம் போட்டது. குற்றம்? பஸ்ஸின் நிறம் சரியில்லை. பள்ளி பஸ் போல அளவுக்கு மீறி மஞ்சளாக இருந்ததாம்.

வீடு சேர்வதற்குள் பண்ணையாருக்குச் செய்தி போய்விட்டது. மனுவை வாபஸ் வாங்கு, இல்லை என்றால் வெளியே போ என்றார். "நான் உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். 18 வருடம் வேலை செய்த இடத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றம். பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் 16 தோட்டாக்கள் பாய்ந்தன.

1963 ஜனவரியில் பரீட்சையில் தேறினார். அப்படியும் ஓட்டுப் போட முடியவில்லை. ஓட்டுப் போடுவதற்கென்று வசூலித்த தலைவரியை இரண்டு வருடம் கட்டியதற்கு ரசீது கேட்டார்கள். அதே வருடம் ஜூனில் வினோனா என்ற ஊரில், ஒரு பயிற்சி வகுப்பு முடிந்து திரும்பியவரைப் பிடித்துச் சிறையில் அடைத்து, கறுப்பினக் கைதிகள் இருவரை மிரட்டி, அவர்கள் கையாலேயே அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் கெட்டது, கடைசிவரை சரியாகவில்லை. அடிக்கச் சொன்னவர்களை, முழுக்க வெள்ளையர்கள் அடங்கிய ஜூரி விடுதலை செய்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் எம்.பி. தேர்தலில் நிற்க வேண்டும்? ஜெயிக்க முடியாது என்பது அவருக்குப் பிரைமரிக்கு முன்பே தெரியும். அவருடைய சன்ஃப்ளவர் மாவட்டத்தில் கறுப்பர்களில் பெயர் பதிந்தவர்கள் சுமார் 1 சதவீதம், வெள்ளையர்களில் சுமார் 80. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனை முறை தேர்தல் நடத்தினாலும் விட்டன்தான் வருவார். விட்டன் லேசுப்பட்டவரும் இல்லை. விவசாய மானியத்துக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் தலைவர். 'நிரந்தர விவசாய அமைச்சர்' என்றே வாஷிங்டனில் பட்டப்பெயர்.

ஹேமரின் கணக்கு வேறு. 'கறுப்பர்களுக்கு அரசியலில் ஆர்வமில்லை, அதனால்தான் பதியவில்லை' என்பது மிசிசிப்பியின் பல வருடத்துப் பாட்டு. அதைப் பொய்யென்று நிரூபிக்க, கட்சியின் சொந்த வாசல் வழியாகவே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தடுத்தால், தடுத்ததையே சாட்சியாக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறவர் ரசீதுகளைச் சேர்ப்பது போல இவர் தோல்விகளைச் சேர்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 621 அதில் ஒரு ரசீது. தலைவரி ரசீது கேட்டுத் தடுக்கவும் இந்த முறை முடியாது: மத்தியத் தேர்தல்களுக்குத் தலைவரி கூடாது என்று அந்த ஜனவரியில்தான் அரசியல் சட்டத் திருத்தம் வந்திருந்தது.

அடுத்தது மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி. ஹேமரும் கூட்டாளிகளும் ஏப்ரலில் தொடங்கிய இந்தக் கட்சி, ஆகஸ்டில் அட்லான்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போய், 'மிசிசிப்பியின் நியாயமான பிரதிநிதிகள் நாங்கள்தான்' என்று இடம் கேட்டது. அங்கே ஹேமர் பேசியதும், டிவியில் அது ஓடாமல் தடுக்க ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டியதும், அன்றிரவே டிவிக்காரர்கள் முழுப்பேச்சையும் போட்டுக் காட்டியதும் பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது பேரம்தான். இரண்டே இடம் தருகிறோம், யார் அந்த இருவர் என்பதையும் நாங்களே சொல்கிறோம் என்றது தலைமை. ஹேமர் அந்த இருவரில் இல்லை. 'படிக்காதவர், பேரம் புரியாதவர்' என்று படித்த ஆதரவாளர்கள் சிலருக்கே அவர்மேல் சலிப்பு. பேரம் நன்றாகவே புரிந்ததால்தான் அவர் வேண்டாம் என்றார் என்பது என் கட்சி.

நவம்பரில் அதிகாரப்பூர்வ ஓட்டுச்சீட்டில் இவர்கள் பெயர் ஏற மாநிலம் விடவில்லை. இவர்களே தனியாக ஒரு தேர்தலை நடத்திவிட்டார்கள். பரீட்சை இல்லை, பண்ணையாருக்குத் தகவல் போகாது, யார் வேண்டுமானாலும் போடலாம். ஹேமருக்கு 33,009. விட்டனுக்கு 59. சட்டப்படி செல்லாத தேர்தல்தான். ஆனால் அதே தொகுதியில், அதே இரண்டு பேருக்கு இடையில், குண்டை மாற்றிப் போட்டு நிறுத்துக் காட்டியாகிவிட்டது.

சேர்த்த ரசீதுகளோடு ஹேமர், அதே கட்சியின் விக்டோரியா கிரே, ஆனி டிவைன் என மூன்று பெண்களும் 1965 ஜனவரி 4 அன்று நாடாளுமன்ற வாசலுக்குப் போனார்கள். மிசிசிப்பியின் எம்.பி.க்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதே செல்லாது என்பது மனு. போலீஸ் உள்ளே விடவில்லை. ஆனால் உள்ளே 149 எம்.பி.க்கள் விட்டன் கோஷ்டிக்கு இடம் தரக்கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். மனு எட்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. மிசிசிப்பி முழுக்க நூற்றுக்கணக்கானோரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அதற்கிடையில் ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. செப்டம்பர் 17-ல் 228-க்கு 143 என்று மனு தள்ளுபடி. அன்று மட்டும் மூவருக்கும் அவைக்குள் உட்கார இடம் கொடுத்தார்கள்.

புதிய சட்டத்தால் பட்டியலில் பெயர்கள் மளமளவென்று ஏறின. ஹேமரும் மற்றவர்களும் போட்ட வழக்கில், சன்ஃப்ளவர் ஊரின் 1965 உள்ளாட்சித் தேர்தல் செல்லாது என்று 1966-ல் தீர்ப்பு வந்தது. 1967 மே மாதம் மறுதேர்தல். பட்டியலில் கறுப்பர்களே அதிகம். அப்படியிருந்தும் கறுப்பின வேட்பாளர்கள் தோற்றார்கள்! குடியிருக்கும் வீடும் பார்க்கும் வேலையும் பண்ணையார் கையில் இருக்கும்வரை, ஓட்டுச்சீட்டு மட்டும் தன் கையில் இருந்து என்ன செய்யும் என்ற கேள்வி ஹேமரைப் பிடித்துக்கொண்டது. 1971-ல் மாநில செனட்டுக்கு நின்று இன்னொரு முறை தோற்பதற்கு முன்பே அவர் நிலம் வாங்கியிருந்தார், 'பன்றி வங்கி' ஒன்றையும் திறந்திருந்தார். உண்டியல் இல்லை, நிஜப் பன்றிகள்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)