தலைவெட்டி முனியப்பன்: ஒரு பெயரின் வரலாறு

பெருங்கோயில்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடைக்கிறது. எழுதிவைக்க அரசரோ புலவரோ வாய்க்காத சிறுதெய்வங்களின் வரலாறு பல வேளைகளில் அவற்றின் பெயருக்குள்தான் ஒடுங்கிக் கிடக்கிறது. சேலம் நகரில் கோட்டைச் சாலைப் பக்கம், பெரியேரியில் உள்ள சிறு கோயிலின் தெய்வத்துக்கு மக்கள் வழங்கிவந்த பெயர் தலைவெட்டி முனியப்பன்.

கொங்கு நாட்டாருக்கு முனியப்பன் புதியவர் அல்லர். ஏரிக்கரையில், ஊரெல்லையில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவரைக் காணலாம். முறுக்கிய மீசை, உருட்டி விழித்த கண்கள், கையில் ஆயுதம். கிடாவும் சேவலும் ஏற்கும் காவல் தெய்வம். இந்தக் குடும்பத்தில் பெரியேரி முனியப்பன் மட்டும் வேறொரு சாயல் கொண்டவர். கால்களை மடித்து, கைகளை மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆயுதம் ஏதுமின்றி அமர்ந்திருக்கும் கல்லுருவம் அவருடையது. காவலுக்கு நிற்பவரின் தோற்றமன்று அது. தியானத்தில் இருப்பவரின் தோற்றம்.

இது புத்தர் சிலையே என்று கூறி, சேலத்தைச் சேர்ந்த புத்தா டிரஸ்ட் 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. கோயிலை நிர்வகித்துவந்த இந்து சமய அறநிலையத் துறை அதை மறுத்தது. நெடுங்காலமாக முனியப்பனாகவே வணங்கப்படும் தெய்வம் என்பது அத்துறையின் வாதம். 2017இல் நீதிமன்றம் தொல்லியல் துறையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தரப் பணித்தது. அவ்வறிக்கையை ஏற்று, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2022 ஜூலை 19 அன்று தீர்ப்பு வழங்கினார். சிலை புத்தருடையது, உண்மை தெரிந்த பிறகும் தவறான அடையாளம் தொடர அனுமதிக்க முடியாது, இடத்தைத் தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் சிலைக்குப் பூசையோ சடங்கோ கூடாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

*

புத்தர் என்று எப்படி முடிவு செய்தார்கள்? கொங்கு நாட்டைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்வி. இங்கே பௌத்தத்தைவிடச் சமணத்தின் தடங்களே மிகுதி. கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் சமணத் துறவிக்குச் சேர அரச குடும்பத்தார் உறைவிடம் அமைத்துத் தந்ததைச் சொல்கின்றன. விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. எனவே அமர்ந்த நிலையில் தியானிக்கும் உருவத்தைக் கண்டால் தீர்த்தங்கரர் என்று கருதுவதே இந்த வட்டாரத்தில் முதலில் தோன்றக்கூடியது.

ஆனால் சிற்ப இலக்கணம் இருவரையும் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. திகம்பர மரபில் தீர்த்தங்கரர் மேனியில் ஆடை இராது. தலைக்குமேல் முக்குடை இருக்கும். புத்தரின் இடத்தோளில் சீவர ஆடை படிந்திருக்கும். சுருள்முடியும், உச்சியில் உஷ்ணீஷம் என்னும் முடிப்புடைப்பும், நீண்டு தொங்கும் காதுகளும் உண்டு. தொல்லியல் துறையின் அறிக்கை பெரியேரிச் சிலையில் கண்டவை இவைதாம்: தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, இடத்தோள் ஆடை, சுருள்முடி, உஷ்ணீஷம், நீள்செவி.

அறிக்கை இன்னொன்றையும் குறித்தது. சிலையின் தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்தான் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து அதை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

*

சேலத்துக்குப் புத்தர் எப்படி வந்தார் என்பதற்கு ஊரைச் சுற்றியுள்ள மலைகளும் அவற்றினூடே செல்லும் வழியும் ஓரளவு விடை சொல்கின்றன. சேலத்திலிருந்து கிழக்கே போகும் சாலை, வடக்கே சேர்வராயன், கல்வராயன் மலைகளுக்கும் தெற்கே கொல்லிமலை, பச்சைமலைகளுக்கும் நடுவே ஆத்தூர்க் கணவாய் வழியாகச் செல்கிறது. வசிட்டநதி அந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கிறது. கொங்கிலிருந்து கீழைக் கடற்கரைக்கு இயற்கை அமைத்துக் கொடுத்த வாசல் இது.

அந்த வாசலின் கிழக்கு முனையில், ஆத்தூரைக் கடந்து தலைவாசல் பக்கம், தியாகனூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒன்றல்ல, இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. இரண்டும் அமர்ந்த நிலையில் தியானிப்பவை. அருகிலுள்ள ஆறகழூர் இடைக்காலத்தில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகர். அங்கே கிடைத்த ஒரு வழிக்கல், மகதேசன் பெருவழி என்று சாலையின் பெயரைச் சொல்லி, காஞ்சிபுரத்துக்குப் பதினாறு காதம் என்று தொலைவையும் குறிக்கிறது. எழுத்தறியாத வழிப்போக்கரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளப் பதினாறு குழிகள் அதில் வெட்டப்பட்டுள்ளன.

அந்தச் சாலை போய்ச் சேரும் காஞ்சி, ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பத்தாயிரம் பிக்குகளையும் கொண்டதாக வருணித்த நாட்டின் தலைநகரம். வழிக்கல் அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. வழியோ அதற்கும் முற்பட்டதாக இருக்கவேண்டும். மேற்கே, மணிமேகலை பல சமயக் கணக்கர்களின் தத்துவங்களைக் கேட்டறிந்த வஞ்சி நகரம் கரூரே என்று வாதிட்ட அறிஞர்கள் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், வணிகச் சாத்துகள் நடந்த வழிகளில் பிக்குகளும் நடந்தார்கள் என்பது இந்தியா முழுமைக்கும் பொருந்தும் செய்தி. தியாகனூரையும் பெரியேரியையும் ஒரே வழியில் வைத்துப் பார்த்தால், சேலத்துப் புத்தர் தனித்து வந்து சேர்ந்த அந்நியராகத் தெரியமாட்டார்.

*

இனிப் பெயருக்கு வருவோம்.

புத்தரை முனி என்றும் சாக்கிய முனி என்றும் அழைப்பது பழைய வழக்கு. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில், பௌத்தக் கோயில்கள் கிராம தெய்வக் கோயில்களாக உருமாறியதை விரிவாக எடுத்துரைத்தார். அவருக்கு முன்பே, 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசர், தமிழரின் பண்டிகைகளிலும் சிறுதெய்வங்களிலும் பௌத்தத்தின் எச்சங்களைத் தேடினார். சோழ நாட்டுப் புத்தர் சிலைகளைப் பல்லாண்டுகள் களத்தில் தேடிப் பதிவு செய்த பா. ஜம்புலிங்கத்தின் ஆய்வுகளைப் படித்தால், ஊர்தோறும் புத்தர் எத்தனை வேற்றுப் பெயர்களில் வாழ்கிறார் என்பது புலப்படும். மயிலாடுதுறைப் பக்கம் பெருஞ்சேரியில் அவர் ரிஷி. இதனால் முனியப்பன் கோயில்கள் எல்லாம் முன்பு புத்தர் கோயில்கள் என்று சொல்லிவிட முடியாது. முனி வழிபாட்டுக்குத் தனி வேர்கள் உண்டு. பெரியேரியில் நம்மை முடிவுக்குக் கொண்டுவருவது சொல் ஒப்புமை அன்று, கல்.

ஆனால் 'தலைவெட்டி' என்ற முன்னொட்டு இந்தச் சிலைக்கே உரியது. வெட்டப்பட்ட தலையை உடையவர் என்பதால் வந்த பெயர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழின் இயல்பு அப்படிச் சொல்லவில்லை. விறகுவெட்டி என்றால் விறகை வெட்டுபவன். மரம்வெட்டி என்றால் மரத்தை வெட்டுபவன். அந்த வாய்பாட்டில் தலைவெட்டி என்றால் தலையை வெட்டுபவன் என்றே பொருள். எவருடைய தலை வெட்டப்பட்டதோ அவரே மக்கள் நாவில் தலையை வெட்டுபவர் ஆகிவிட்டார். கொல்லாமையைப் போதித்தவர், காவல் தெய்வத்தின் உக்கிரத்தை ஏற்றுக்கொண்டார்.

இந்த மாற்றத்தில் ஒரு மறதியும் ஒரு நினைவும் ஒருங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர் யார் என்பதை ஊர் மறந்தது. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை மறக்கவில்லை. வெட்டியவர் யார், எந்தக் காலத்தில் என்பதற்குச் சான்று எதையும் பெயர் விட்டுவைக்கவில்லை. வெட்டு ஒன்று விழுந்தது என்பதை மட்டும் விடாமல் சுமந்து வந்திருக்கிறது.

*

தீர்ப்பு எழுப்பும் கேள்வி இங்கேதான் கனக்கிறது. வரலாற்று உண்மை என்ற அளவில் நீதிமன்றம் சொன்னதில் பிழையில்லை. புத்தரைப் புத்தர் என்று அழைப்பதற்கு ஓர் அறிக்கையும் பதினோரு ஆண்டு வழக்கும் தேவைப்பட்டன என்பதே வெட்கப்பட வேண்டிய செய்தி. தமிழ் மண்ணில் தங்கள் மரபு இருந்தது என்பதற்குச் சான்று தேடும் பௌத்தர்களுக்கு, குறிப்பாக அம்பேத்கர் 1956இல் காட்டிய வழியில் பௌத்தத்தைத் தழுவியவர்களுக்கு, இந்தச் சிலை வெறும் கல் அன்று.

ஆனால் முனியப்பனாக வழிபட்டவர்களை, உண்மையை மறைத்தவர்கள் வரிசையில் நிறுத்துவது நியாயமாகாது. இடிக்கப்பட்டவையும் கைவிடப்பட்டவையும் என்ன ஆயின என்று பார்த்தால் இது விளங்கும். ஸ்ரீவிஜய அரசரின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்து, ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்த சூடாமணி விகாரம், உலகமெங்கும் அறியப்பட்ட பெருங்கட்டடம். நாகையில் பௌத்தத்தின் கடைசிச் சின்னமாக நின்ற கோபுரம் 1867இல் இடித்து அகற்றப்பட்டது. பெரும்புகழ் கொண்டது மண்ணாயிற்று. பெயர் மாறிய சேலத்துச் சிறு சிலையோ எண்ணெயும் மாலையும் விளக்கும் பெற்று நின்றது. துண்டான தலையை ஏரியில் வீசாமல் எடுத்து ஒட்டிய கைகள், அது எவர் தலை என்று அறியாத கைகள்தாம். சிமெண்ட் பூசியது தொல்லியலுக்குக் குற்றம்; பாதுகாப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பூசை கூடாது என்ற ஆணையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழந்தமிழகத்தில் புத்தர் சிலைகள் காட்சிப் பொருளாக வடிக்கப்பட்டவை அல்ல. நாகப்பட்டினத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான செப்புத் திருமேனிகள் வழிபாட்டுக்காக வார்க்கப்பட்டவை. பூவும் விளக்கும் பௌத்தத்துக்குப் புறம்பானவையும் அல்ல. முனியப்பனுக்கான பூசையை நிறுத்துவதோடு, புத்தருக்கான வணக்கத்துக்கும் இடமில்லாமல் போனால், இரு தரப்பாருக்கும் எஞ்சுவது ஒரு காட்சிக்கூடம் மட்டுமே.

தியாகனூர் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே ஊர்மக்கள் அவரைப் புத்தர் என்று அறிந்தே வணங்குகிறார்கள். அவருக்குத் தியான மண்டபமும் உண்டு. தெரிந்துகொள்வதும் வணங்குவதும் அந்த ஊரில் ஒன்றையொன்று விலக்கவில்லை.

பெரியேரியில் வைக்கப்படும் எந்தப் பலகையும் முதலில் புத்தர் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அதற்குக் கீழே, தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரும் அழிக்கப்படாமல் இருக்கவேண்டும். சிலைக்கு நேர்ந்ததை இத்தனை காலம் சுமந்துவந்த ஒரே ஆவணம் அந்தப் பெயர்தான். அதையும் வெட்டிவிட்டால் இரண்டாவது முறையாக வெட்டியவர்கள் ஆவோம்.