பெட்டி வந்த பிறகு

காசிமேடு பக்கம் குடியிருப்பவர்களிடம் ஜீரோ கேட் லாரி வரிசையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்ததும் டிரைவர்களின் தொழிற்பாடமே மாறிப்போனது.

அதற்கு முன் க்ளீனர் வேலைதான் பள்ளிக்கூடம். மூட்டை அடுக்கும்போது கூடவே நிற்பது, தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்குவது, டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்திலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிப்பது. பாரம் எந்தப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பெட்டி சீல் வைத்து வரும். உள்ளே சரக்கு எப்படி அடுக்கியிருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. அதனால் வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கையும் இறங்கிப் பார்க்க வேண்டும். பூட்டாமல் விட்டால் பெட்டி கழன்று விழலாம். நாற்பதடி டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கும். திருவொற்றியூரில் சைக்கிளில் போகும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று தூக்கம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்து, 2025 வரை இருந்தது. நாளுக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தூர வழிகளில் அனுமதியோடு 10 மணி என்று அது வைத்திருந்தது. முனையத்தில் சும்மா காத்திருப்பதில் 15 நிமிஷத்துக்குக் குறைவானதை மட்டும் அது வேலை நேரமாகச் சேர்த்தது. பெட்டிக் காலத்துக்கு முந்திய கணக்கு! எண்ணூர் சாலையில் ராத்திரி முழுக்க ஊர்ந்தவனின் கண்ணெரிச்சல் அதில் எங்கே அடங்கியது?

புதுப் பையன்களுக்கு ஒன்று சொல்லலாம்: கேட்டைத் தாண்டியதும் பெங்களூருக்கு மிதிக்காதீர்கள். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, முதலில் தூங்குங்கள்.