நெற்பயிர் இழப்பீடு (தமிழ்நாடு)

வெள்ளம், வறட்சி, பருவம் தவறிய மழை ஆகியவற்றால் பாதிக்கப்படும் நெல் விவசாயிகளுக்கு அரசு வழங்கும் நிதியுதவி. காவிரிப் படுகை மாவட்டங்களில் இதன் தேவை ஏறக்குறைய ஆண்டுதோறும் எழுகிறது.

பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கே உதவி உண்டு. 2015க்கு முன் இந்த வரம்பு 50 விழுக்காடு. 2022 முதல் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு எக்டேர். 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா பருவ நெல் மழையில் சாய்ந்தபோது மாநில அரசு எக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டு காவிரி நீரின்றிக் கருகிய குறுவைப் பருவ நெல்லுக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய்.

சேதத்தை வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. இங்கேதான் சிக்கல். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் சில நாள்களிலேயே நெல்மணி முளைவிடும். கணக்கெடுப்புக்குக் காத்திருப்பதா, மிஞ்சியதை அறுப்பதா என்று விவசாயி தவிக்கிறார். நிலம் வேறொருவர் பெயரில் இருப்பதால், வாய்மொழிக் குத்தகைதாரர் சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களைக் காட்ட முடியாமல் விடுபட்டுப் போகிறார்.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தனி ஏற்பாடு. காரிஃப் நெல்லுக்கு விவசாயி காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடும், ரபி நெல்லுக்கு 1.5 விழுக்காடும் பிரீமியம் கட்டுகிறார். பொதுவாக ஊரளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கிடைத்த சராசரி மகசூலை வைத்தே இழப்பு கணிக்கப்படுகிறது. ஊரின் சராசரி தேறிவிட்டால், தன் வயலில் முழுவதும் இழந்தவருக்கும் மகசூல் கணக்கில் ஒன்றும் கிடைக்காது.