இரண்டு குழல்கள்

எனக்கு இழுப்பு உண்டு. இரவு இரண்டு மணிக்குத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அந்த வேளையில் நீல நிறக் குழலை வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் சில நிமிஷங்களில் மூச்சு திரும்பும். அதன்மேல் எனக்கு அபார விசுவாசம். டாக்டர் கூடவே கொடுத்த காவிக் குழலோ மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கிற்று. அதை இழுத்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லையே!

இதே மயக்கத்தில் ஒரு தேசமே விழுந்த கதையைப் பிற்பாடு படித்தேன்.

1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்த்மாவால் அவதிப்பட்ட அவருடைய 13 வயது மகள் கேட்டாளாம்: "தலைமுடிக்குத் தெளிப்பதெல்லாம் டப்பாவில் வருகிறதே, என் மருந்து வரக்கூடாதா?" அதுவரை கண்ணாடிக் கருவியோடும் ரப்பர் குமிழோடும் திண்டாடிய பெண் அவள். அடுத்த வருஷமே கைக்கடக்கமான குழல் கடைக்கு வந்துவிட்டது. குழந்தைகளின் கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைப்பது அபூர்வம்.

இங்கிலாந்தில் ஐஸோபிரினலின் அடைத்த குழல்கள் அமோகமாக விற்றன. ஆனால் 1960-க்குப் பிறகு அங்கே ஆஸ்த்மாவால் மாண்ட இளவயதினரின் தொகை மளமளவென்று ஏறியது; 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே பல மடங்கு. மருந்தே இருதயத்தைத் தாக்கிற்றா, தற்காலிக சுகத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தார்களா என்று நிபுணர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். இரண்டாவதை நம்ப எனக்குச் சிரமமில்லை. 1967-இல் எச்சரிக்கை வந்தது; மறு வருஷம் டாக்டர் சீட்டில்லாமல் விற்பதும் நின்றது. சாவுகள் இறங்கின.

1969-இல் இருதயத்தை அவ்வளவாக உலுக்காத ஸால்ப்யூடமால் வந்தது. அதுவும் இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர, மூச்சுக்குழலின் உட்புற வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைத் தணிக்கும் பெக்லோமெதஸோன் குழல் 1972-இல் வந்தது; என் காவிக் குழலின் மூதாதை. அதன் பலன் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்.

"இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதியல்ல, ஸார். காவி தினமும், சௌக்கியமாக இருந்தாலும். நீலம் திணறும்போது. நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் என்னிடம் வாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்" என்றார் டாக்டர். 2019 முதல் பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுப்பதை உலக ஆஸ்த்மா நிபுணர் குழுவே சிபாரிசு செய்வதில்லையாம். இரண்டு வேலையையும் சேர்ந்து செய்கிற ஒற்றைக் குழலும் உண்டு; யாருக்கு எது என்பது டாக்டர் பாடு.

காவிக் குழலை இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரலாம். ஆகையால் அது இப்போது அலமாரியில் இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் நிற்கிறது.